நடு வரிசை விசைகள்

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நலமா? மலை உச்சியில் காற்று எப்படி? உன் வானிலை நிலையத்துக் கருவிகளும் நலம்தானே?

அப்பா மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டார். தொண்டையில் தையல் ஆறிவருகிறது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்பது நீ மலையேறும் முன்பே தெரிந்ததுதான். இன்னும் இரண்டு வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, அதன்பிறகு தினமும் கொஞ்சம் பேசிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டு மூன்று தெருவுக்குக் குரல் கேட்கும் மனிதர், சாப்பாட்டு மேசையில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

நீ விட்டுப்போன மடிக்கணினிதான் அவருக்கு வாய். அவர் தட்டச்சு செய்கிறார், அது படித்துச் சொல்கிறது. ஆனால் அதன் குரல் பெண்குரல். போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுத் தையல்கார அத்தை அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. நீங்க வேலைக்குப் போனதும் உங்க வீட்ல ஒரு பொம்பள குரல் கேக்குது. 'என் பனியன் எங்கே'ன்னு கேக்குது" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில், அவர் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் சாவி கையிலிருந்து கீழே விழுந்துவிட்டது.

இப்போது பிரச்சினை. நடு வரிசையில், சரியாக நடுவில் இருக்கும் நான்கு விசைகள் ஒழுங்காக வேலை செய்வதில்லை. சில நேரம் அழுத்தினால் எழுத்து வருவதில்லை. சில நேரம் ஒருமுறை அழுத்தினால் இருபது வருகிறது. நேற்று அப்பா தண்ணீர் கேட்க, கணினி 'ண்ண்ண்ண்ண்' என்று இழுத்துக்கொண்டே போனது. "என்னங்க, உள்ள தேனீ வளக்குறீங்களா?" என்றார் அம்மா.

கடைத்தெருவில் பழுதுபார்ப்பவரிடம் கேட்டோம். ஒரு வாரம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து மெதுவாகத் தட்டினார்: "அப்போ ஒரு வாரம் நான் ஊமையா?" அதனால் உன்னைக் கேட்கிறேன். மின்கருவி எல்லாம் பழுதுபார்க்கிறவள் நீ. என்ன செய்ய வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பூச்சி

*

ஜூன் 11

அடி புத்தகப்பூச்சிக்கு,

நான் நலம். இங்கே காற்று அடிக்கிற அடியில் நேற்று என் தொப்பி பக்கத்து நாட்டுக்கே போயிருக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் சரக்கு லாரிதான் எங்களுக்கு அரிசி, தபால், செய்தி எல்லாம். நீ எழுதியது இன்றுதான் கிடைத்தது. பொம்பளைக் குரல் கதையை ஓட்டுநர் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே சக்கரத்துக்குக் காற்றடித்தார்.

முதலில் கணினியை அணை. மின்கம்பியைக் கழற்று. தலைகீழாகப் பிடித்து முதுகில் மெல்லத் தட்டு, குழந்தைக்கு ஏப்பம் வர வைப்பதுபோல. பிறகு மெல்லிய தூரிகையால் விசைகளின் இடுக்கைத் துடை. தண்ணீர் கூடவே கூடாது.

இன்னொன்று. வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு நொடி விடாமல் அழுத்தினால் விசைகளை மந்தமாக்கும் ஓர் அமைப்பு தானே வந்துவிடும். அப்பா யோசிக்கும்போது விரலை எங்காவது ஊன்றிக்கொள்வார் இல்லையா? அதையும் பார்.

இது உன் கைக்கு வரும்போது அப்பாவின் மௌன விரதம் முடிந்திருக்கும். முதலில் என்ன பேசினார்? எழுது. அம்மாவை நிதானமாக வண்டி ஓட்டச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் தொப்பிக்காக வருந்துகிறேன்.

நீ சொன்னபடியே ஏப்பம் வர வைத்தேன். விழுந்தவற்றின் பட்டியல்: பிஸ்கட் தூள் (நிறைய), ஒரு புருவ முடி, பென்சில் சீவல், போன வருடம் நான் தொலைத்த காதணியின் திருகு. திருகு கிடைத்ததில் அம்மாவுக்கு மகிழ்ச்சி.

ஷிஃப்ட் விஷயத்தில் நீ சொன்னது அப்படியே சரி! மந்த அமைப்பு உண்மையிலேயே வந்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன். ஏதோ குற்றம் செய்தவர்போல விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதை நீக்கியதும் மற்ற விசைகள் சுறுசுறுப்பாகிவிட்டன. ஆனால் நடு வரிசை மட்டும் மாறவில்லை. நான்காக இருந்தது இப்போது ஆறு. இடைவெளி விசையும் முரண்டு பிடிப்பதால் கணினி எல்லாச் சொற்களையும் ஒட்டி ஒரே மூச்சில் படிக்கிறது.

நோட்டில் எழுதிக் காட்டலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அப்பாவின் கையெழுத்தைப் படிக்க உலகத்தில் ஒருவரால்தான் முடியும், அவர் சந்தைக் கணக்குப்பிள்ளை. அவர் இங்கே இல்லை.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். நன்றாகத் தூங்குகிறார். மாலையில் நடக்கப் போகிறார். அடுத்து என்ன சோதனை செய்ய வேண்டும்?

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
பூச்சி

*

ஜூலை 1

அன்புப் பூச்சிக்கு,

நலம். நீ எடுத்த பிஸ்கட் தூளில் நிலையத்தில் நாங்கள் நால்வர் ஒரு வேளைத் தேநீரை முடித்திருக்கலாம்.

பள்ளிக் கணினி அறையிலிருந்து தனி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிக் கணினியில் செருகிப் பார். அதில் எல்லாம் சரியாக வந்தால் கணினியின் மூளையில் கோளாறு இல்லை, கோளாறு அதன் பல்வரிசையில்தான் என்று அர்த்தம். கூடவே எந்த நேரத்தில் மோசமாகிறது என்றும் குறித்து வை. கணினியைச் சுற்றி வேறு ஏதாவது விசித்திரம் தெரிந்தாலும் எழுது, அற்பமாகத் தோன்றினாலும் சரி.

அப்பா என்ன பேசினார் என்று கேட்டிருந்தேன். நீ என்ன சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் வாய்தான் என்றாலும் நான் கேட்டது வேறு.

அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

கணினி ஆசிரியை விசைப்பலகையை மூன்று நாளுக்குத்தான் தந்தார். அந்த மூன்று நாளும் ஒரு பிழைகூட இல்லை. அப்பா குஷியாகிவிட்டார். எதிர்வீட்டு அத்தையிடம் கணினி வழியாக, "தங்கச்சி, என் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறேன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு, பொத்தானுக்கு இன்னும் விதையே போடலையா?" என்று கேட்டார். அத்தை, "இந்தம்மாவுக்கு வாய் ரொம்ப நீளம்" என்றார். நேற்று பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது வீடு மறுபடி அமைதி.

குறிப்புகள்: காலையில் போட்டவுடன் நான்கு விசைகள் மக்கர். இரண்டு மணி நேரம் கழித்து, கணினி சூடானதும், ஒன்பது. மறுநாள் காலை மறுபடி நான்கைந்து. விசைகளுக்குக் கீழே உள்ள தொடுபலகையை அழுத்தினாலும் உள்ளே போவதில்லை, கல் மாதிரி இருக்கிறது.

நீ கேட்ட விசித்திரங்கள்: மேசை கொஞ்ச நாளாக ஆடுகிறது. ஒரு காலடியில் தாள் மடித்து வைத்தேன், இன்னும் ஆடுகிறது. கணினிமேல் பென்சில் வைத்தால் ஓரத்துக்கு உருண்டு போகிறது. மூடினால் மூடி சரியாகப் பொருந்தாமல் வாய் பிளந்திருக்கிறது. இதற்கு மட்டும் நானே வழி கண்டுபிடித்துவிட்டேன். மழையில் நனைந்த புத்தகத்தின் அட்டை வளைந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியுமே? அதேபோல், பகலில் அப்பாவுக்குப் பேச வீட்டில் ஆள் இல்லாததால், தினமும் பள்ளிக்குப் போகும்முன் கணினியை மூடி, அதன்மேல் பேரகராதியின் இரண்டு தொகுதிகளையும் ஏற்றி வைக்கிறேன். மாலைக்குள் ஓரளவு படிகிறது.

அம்மா உன்னை விசாரித்தார். அப்பாவும் உன்னை விசாரித்ததாகத் தட்டினார், பாதி எழுத்து வரவில்லை.

பூச்சி

*

ஜூலை 21

பூச்சி,

இதைப் படித்த நொடியே அகராதியை எடு. கணினியை அணைத்து மின்கம்பியைப் பிடுங்கு. மேசை ஆடவில்லை, கணினிதான் ஆடுகிறது. உள்ளே இருக்கும் பேட்டரி உப்பிவிட்டது. அதுதான் கீழிருந்து விசைகளை முட்டித் தள்ளுகிறது. நடு வரிசை முதலில் போனதும் சூட்டில் மோசமாவதும் அதனால்தான்.

உப்பிய பேட்டரியை அழுத்தக்கூடாது. குத்தவோ நெம்பவோ கூடாது. கிழிந்தால் அந்த இடத்திலேயே தீப்பிடிக்கும். திறந்து பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். தோன்றவே கூடாது. கடைக்காரரிடம் சொல், அவர்தான் எடுக்க வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

போன வாரக் காற்றில் எங்கள் ரேடியோக் கம்பம் சாய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டியவளே நான்தான், உதிரிப்பாகம் இன்னும் வரவில்லை. ஓட்டுநர் அண்ணனிடம் நம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். நாளை மதியம் அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார். இந்தக் கடிதம் அதற்கும் மேல் ஒரு காவல்.

மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். அப்பா பேசுகிறாரா?

அக்கா

*

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன், ஏனென்றால் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். அது என்னை உறுத்துகிறது.

அப்பா பேசவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு வாரம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. டாக்டர் இரண்டு முறை தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, "எல்லாம் ஆறிடுச்சு, நீங்கதான் பேசணும்" என்றார். அப்பா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பயிற்சியை விட்டால் குரல் இப்படியே கட்டிப்போய்விடலாம் என்று டாக்டர் அம்மாவிடம் தனியாகச் சொன்னார். இது தெரிந்தால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று அம்மா எழுத வேண்டாம் என்றார். அதனால்தான் நீ அப்பாவின் குரலைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் விசையைப் பற்றி எழுதினேன்.

இன்னொன்று அம்மாவுக்கும் தெரியாது. விரதம் முடிந்த அன்று காலை அப்பா குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு, "ஒரு தரம்" என்று சொல்லிப் பார்த்தார். நான் வெளியே துண்டோடு நின்றேன். அது அப்பாவின் குரலாக இல்லை, தகரத்தை இழுப்பதுபோல் இருந்தது. 'ரெண்டு தரம்' வரவே இல்லை. குழாய் மட்டும் வெகுநேரம் ஓடியது.

இன்று மதியம் தொலைபேசி விடாமல் அடித்தது. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஓடிவருவதற்குள் நின்றுவிட்டது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அடித்தால் எடுப்பாரோ என்று நான் சற்றுத் தள்ளி நின்றேன். அடித்தது. எடுக்கவில்லை. நான் பாய்ந்து எடுத்தபோது மறுமுனையில் யாரும் இல்லை.

விசைகள் பதினொன்று போய்விட்டன. கணினியும் போய்விட்டால் அப்பா முழுதாகவே உள்ளே போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது. நூலகத்தில் கணினிப் பழுது பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. கொஞ்சம் பழையது, ஆனால் படங்களோடு இருக்கிறது. தட்டையான கருவியால் ஓரத்தை நெம்பி விசைப்பலகையைக் கழற்றலாம் என்று மூன்றாம் அத்தியாயத்தில் சொல்கிறார்கள். இருபத்தெட்டாம் தேதி பள்ளி அரைநாள். அன்று செய்யப்போகிறேன்.

என்னை மன்னித்துவிடு.

பூச்சி

*

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இந்த முறை இது வெறும் வழக்கச் சொல் இல்லை.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அம்மா என்னை வாசலில் இறக்கிவிட்டு மற்றப் பிள்ளைகளை விடப் போனார். அப்பா வெளி வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். நான் உள்ளே போய் அகராதிகளை இறக்கினேன், கணினியைக் கவிழ்த்தேன். அடிப்பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு பிளவு இருந்தது. புத்தகத்தை மூன்றாம் அத்தியாயத்தில் திறந்து வைத்துக்கொண்டு, என் இரும்பு அளவுகோலைப் பிளவுக்குள் விட்டேன். உள்ளே மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தபால்காரர் வந்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பா உறையைக் கிழித்துப் படித்திருக்கிறார். படித்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்து என்னைப் பார்த்திருக்கிறார். அக்கா, இதை யோசித்துப் பார். என்னிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் கணினிக்கு வர வேண்டும். கணினியோ என் கையில், அளவுகோலோடு.

"பூச்சி! கைய எடு!"

யாரோ வேற்று மனிதர் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்றுதான் திரும்பினேன். அவ்வளவு கரகரப்பு. வாசலில் அப்பா மட்டும்தான் நின்றார். கை தானாக விலகியிருந்தது, அளவுகோல் தரையில் கிடந்தது.

"வெளிய போ" என்றார் அடுத்து. மூன்றாவதாக, "போடீ, நிக்காத!"

கணினியைக் கொல்லைக்கு அவரே கொண்டுபோனார், அடுப்படி இரும்புத் தட்டில் ஏந்தி, வெடிகுண்டைத் தூக்குவதுபோல. செங்கல்மேல் வைத்துவிட்டு என் பக்கம் வந்து, என் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் எதிர்வீட்டு அத்தை தையல் நாடா கழுத்தில் தொங்க ஓடிவந்தார்.

"யாருங்க கத்துனது?"

"நாந்தான்" என்றார் அப்பா.

அத்தை அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ அந்தம்மா போயாச்சா? நல்ல மனுஷி" என்றார். அப்பா சிரிக்கப் போய் இருமினார். நானும் அழுதேன், இதையும் குறிக்கத்தானே வேண்டும்.

அம்மா வந்ததும் நான் சொல்வதற்குள் அப்பாவே, "உம் பொண்ணு வீட்டக் கொளுத்தப் பாத்தா" என்றார். அம்மா, இன்னும் ஒருமுறை சொல்லுங்க என்றார். அப்பா சொன்னார். இன்னும் ஒருமுறை என்றார். என் குற்றம் இப்படியாக மூன்று முறை வாசிக்கப்பட்டது.

பூச்சி

*

ஜூலை 31

பூச்சி,

உன் ஜூலை 22 கடிதம் இன்று வந்தது. அதை நீ எழுதிய அன்று மதியம் அடித்தது ஓட்டுநர் அண்ணன்தான். யாரும் எடுக்கவில்லை என்று இன்று வந்து சொல்கிறார்.

இருபத்தெட்டாம் தேதி போய் மூன்று நாள் ஆகிவிட்டது. நீ திறந்தாயா? என் கடிதம் அதற்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? எதையும் தெரிந்துகொள்ள முடியாமல் இங்கே காற்றின் வேகத்தை அளந்துகொண்டிருக்கிறேன். நாளை மதியம் அண்ணன் மறுபடி கூப்பிடுவார். இந்தக் கடிதம் அதற்குப் பிறகுதான் வரும் என்று தெரிந்தும் எழுதுகிறேன், யாராவது எடுங்கள். அப்பா, இதைப் படித்தால், நீங்கள் எப்படிப் பேசினாலும் பரவாயில்லை, எடுங்கள்.

அக்கா

*

ஆகஸ்ட் 11

என் செல்லப் பூச்சிக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலம், நலம்.

லாரி சத்தம் கேட்டதுமே பாதி மலை இறங்கிவிட்டேன். ஓட்டுநர் அண்ணன் வண்டியை நிறுத்தாமலே தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "எடுத்தாங்கம்மா! ஒரு ஆம்பளை குரல், கரகரன்னு. 'எல்லாரும் முழுசா இருக்கோம், பேட்டரிதான் போச்சுன்னு எம் பொண்ணுகிட்ட சொல்லுங்க'ன்னு சொன்னாரு. அப்புறம் என்னைய எந்த ஊரு, வீட்ல எத்தனை பேருன்னு விசாரிக்க ஆரம்பிச்சிட்டாரு. என் சோறு ஆறிப்போச்சு." நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதத்தை அங்கேயே பிரித்தேன். என் கடிதம் வாசலுக்கு வரும்போது உன் அளவுகோல் உள்ளே இருந்தது என்ற இடத்தை இன்னும் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

உன்மேல் கோபமா என்று கேட்டால், இருந்தது. பத்து நாள் வைத்திருந்தேன். அம்மா சொன்னதால் மறைத்தாய் என்றாலும், இனி கோளாறு எங்கே என்று நான் கேட்டால் கோளாறு இருக்கும் இடத்தைச் சொல். விசைகளை மட்டும் பார்த்து நானும் ஏமாந்தேன், கீழே உப்பிக்கொண்டிருந்தது வேறு. ரேடியோக் கம்பத்தை நேற்று நிமிர்த்திவிட்டேன். அடுத்த மாதம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வேலையை விடவில்லை என்று அம்மாவிடம் சொல்.

கணினி என்ன ஆயிற்று?

அக்கா

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ வரும் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.

கணினி நலம். கடைக்காரர் கையுறை போட்டு அந்தப் பேட்டரியை எடுத்தார். குட்டித் தலையணை மாதிரி இருந்தது. மணல் வாளிக்குள் இறக்கிவிட்டு, "இது மேல அகராதி வச்சது யாரு?" என்றார். நான் கையைத் தூக்கினேன். "எத்தனை பக்கம்?" என்றார். இரண்டு தொகுதியும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு என்றேன். "நல்லவேளை, மூணாவது தொகுதி வரல" என்றார். பேட்டரி போனதும் விசைகள் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டன. நடு வரிசையும் சரி, இடைவெளியும் சரி. இனி மின்கம்பியில் மட்டும் ஓடும். மேசையும் ஆடவில்லை. காலடித் தாளை எடுத்துவிட்டேன். நூலகப் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டித் தரலாமா என்று நூலகரிடம் கேட்டிருக்கிறேன்.

டாக்டர் அப்பாவைத் தினமும் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார். கத்தக்கூடாது. அன்று கத்தியதற்கு அப்பாவுக்கு ஒரு திட்டும் எனக்கு இரண்டு திட்டும் கிடைத்தன. பழைய குரல் முழுதாக வராதாம். இப்போது இருப்பதும் போகாதாம். சந்தையில் அடுத்த மாதத்திலிருந்து சின்ன ஒலிபெருக்கி வைத்து ஏலம் விடப்போகிறார். கணினியில் இப்போது நான் கட்டுரை எழுதுகிறேன். அப்பா அதைத் தொடுவது இல்லை என்று எழுதினால் பொய்யாகும். எதிர்வீட்டு அத்தையைச் சீண்ட வேண்டும் என்றால் மட்டும் அந்தம்மாவைக் கூப்பிடுகிறார்.

கடைசிப் பகுதியை மறுநாள் காலையில் எழுதுகிறேன். காரணம் கீழே. நேற்று இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா படுத்தபடியே, "யாராவது லைட்ட அணைங்க" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் அரை மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லைட்ட அணைக்கிற வேலை, ஏலத்துக்கு வந்திருக்கு" என்றார். "பூச்சி கேக்குறா. ஒரு தரம்."

"நான் எங்கப்பா கேட்டேன்?"

"ரெண்டு தரம்." தகரம்தான், ஆனால் சந்தை நடுவில் நிற்கும் தகரம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அவர் எப்போதும் விடும் அந்த இடைவெளியை விட்டார். குளியலறைக் கதவுக்கு வெளியே 'ரெண்டு தரம்' வருமா என்று நான் நின்று காத்திருந்ததும் இப்படி ஓர் இடைவெளியில்தான். அம்மா போர்வைக்குள் அசையாமல் இருந்தார்.

"மூணு தரம்!"

எழுந்து போனேன். விளக்கு அணைக்கப்பட்டது.

பூச்சி